தூங்காதவன் மேல் குற்றம் சொல்லாதீர்கள்

சித்திரை பிறந்தால் போதும். சாலையோரத்துக்குத் தர்பூசணி வருகிறதோ இல்லையோ, "கோடையில் நிம்மதியாகத் தூங்க பத்து வழிகள்" வந்துவிடும். பத்திரிகையின் இணைப்பிதழில் வரும், டிவியில் காலை நிகழ்ச்சியில் வரும், வாட்ஸ்அப்பில் 'படித்ததில் பிடித்தது' என்றும் வரும். எங்கே வந்தாலும் பத்தும் ஏறக்குறைய அதே பத்துதான். தினமும் ஒரே நேரத்தில் படுங்கள். எட்டு மணி நேரம் தூங்குங்கள். ஏசியை 24ல் வையுங்கள். ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். பகலில் தூங்காதீர்கள். மனதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள். (கடைசியாகச் சொன்னதுதான் ரொம்ப முக்கியமாம்!)

இந்தப் பத்தையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு குடவாசல் பக்கம் வரலாம். கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் இடையில் இருக்கும் ஊர். ஊரைச் சுற்றி நெல் வயல். மே மாதம், இரவு பதினோரு மணி. பக்கத்துக் கிராமத்தில் அரசுத் திட்டத்தில் கட்டிய 300 சதுர அடி கான்கிரீட் வீடு. உள்ளே நாலு பேர், ஒரு ஃபேன். தளம் இன்னும் அனலாகக் கொதிக்கிறது. கதவைத் திறந்தால் கொசு, மூடினால் புழுக்கம். விடியற்காலை எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போகவேண்டிய பெண் ஒருவர் அங்கே விழித்துக்கொண்டு படுத்திருக்கிறார். அவரிடம் போய் "அம்மா, மனதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பார்க்கலாம். என்ன பதில் வரும் என்பதை எழுத முடியாது. :-)

பிரச்சினை இதுதான். இந்த அறிவுரைகள் எல்லாமே தூக்கத்தை ஒரு தனிமனித ஒழுக்கமாகப் பார்க்கின்றன. தூங்குகிறவன் ஒழுங்கானவன், தூங்காதவன் ஒழுங்கில்லாதவன். ஆனால் டெல்டாவில் தூக்கம் கெடுவது பெரும்பாலும் படுத்திருப்பவரின் குற்றம் இல்லை. ஒவ்வொரு பருவத்திலும் அதை ஒருவர் எடுத்துக்கொண்டு போகிறார். கோடையில் கூரை, ஐப்பசியில் கொள்முதல் வரிசை, மார்கழியில் ஒலிபெருக்கி. திருடனை விட்டுவிட்டுப் பறிகொடுத்தவனுக்குப் புத்தி சொல்வது என்ன நியாயம்?

முதலில் பருவத்தையே எடுத்துக்கொள்வோம். பருவமும் தூக்கமும் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி குளிர்நாடுகளில் இருந்து வந்த சரக்கு. அங்கே பருவம் என்றால் வெளிச்சம். லண்டனில் ஜூன் மாதத்தின் நீண்ட பகல் பதினாறரை மணி நேரம். டிசம்பரின் குறுகிய பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. (இந்தக் கடிகாரம் மரபணு அளவில் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்குத்தான் 2017ல் மருத்துவ நோபல் பரிசு.) பகலின் நீளம் இப்படிப் பாதிக்குப் பாதி மாறினால் கடிகாரம் தடுமாறத்தான் செய்யும். குளிர்காலச் சோர்வுக்கு அங்கே விளக்கு வெளிச்ச சிகிச்சை தருவது இதனால்தான்.

குடவாசல் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 டிகிரியில். இங்கே வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். ஆடிக்கும் மார்கழிக்கும் வெளிச்சத்தில் பெரிய மாற்றம் கிடையாது. ஆக, இங்கே பருவம் மாறும்போது தூக்கத்தைக் கெடுப்பது வெளிச்சம் இல்லை. வெக்கை, புழுக்கம், மழை, கொசு, சத்தம், வேலை. இவை ஜன்னல் திரையில் தீர்கிற விஷயங்களா?

கோடையில் இருந்து தொடங்கலாம். தூக்கம் வரவேண்டுமானால் உடம்பின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்கவேண்டும். இரவில் ரத்தம் கை கால்களின் தோல் பக்கம் அதிகமாக ஓடி, சூட்டை வெளியே தள்ளுகிறது. வியர்வை ஆவியாகி மிச்சத்தைக் கொண்டுபோகிறது. வெளியே காற்று குளிர்ந்திருந்தால் இது தானாக நடக்கும். கடல் பக்கமும் வாய்க்கால் பக்கமும் இருக்கும் டெல்டாவில் காற்றிலேயே ஈரம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். தலைக்கு மேலே கான்கிரீட் தளம் பகல் முழுக்கக் குடித்த வெயிலை இரவு முழுக்கக் கக்கிக்கொண்டிருக்கும். உடம்பு சூட்டை எங்கே தள்ளும்?

குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் திட்டங்கள் தமிழ்நாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2010ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011ல் பசுமை வீடுகள் திட்டம், 2024ல் கலைஞரின் கனவு இல்லம். மத்திய அரசின் வீட்டுத் திட்டம் தனி. இதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கீற்றுக்கூரை குளிர்ச்சிதான், ஆனால் ஒரு தீப்பொறிக்குத் தெருவே போய்விடும், ஒரு புயலுக்குக் கூரையே பறந்துவிடும். "அந்தக் காலத்தில் திண்ணையில் படுத்தால் எப்படித் தூக்கம் வரும் தெரியுமா" என்று உருகுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். திண்ணை எல்லார் வீட்டிலும் இருந்ததில்லை. எனவே குடிசைக்குத் திரும்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேள்வி வேறு. இத்தனை லட்சம் செலவழித்துக் கட்டும் வீட்டில் மனிதன் இரவில் தூங்க முடியுமா என்பதை ஏன் ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை? தளத்துக்கு மேலே வெள்ளைப் பூச்சு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படும். உள்ளே ஓரிரு டிகிரியாவது குறையும். அகமதாபாத் 2013ல் போட்ட வெப்பச் செயல்திட்டத்தின் வழியில் பிற்பாடு இதைச் செய்ய ஆரம்பித்தது. தெலங்கானா 2023ல் குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. டெல்டாவில் ஒவ்வொரு அரசு வீட்டின் தளத்துக்கும் சுண்ணாம்பு அடித்துக் கொடுப்பது அப்படி என்ன பெரிய செலவு?

"பழகிப்போயிடும்" என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். 2022ல் ஒன் எர்த் என்ற ஆய்விதழில் வந்த ஆய்வு அதையும் பார்த்திருக்கிறது. 68 நாடுகளில் 47,000க்கும் மேற்பட்டவர்களின் கைப்பட்டைகள் பதிவுசெய்த சுமார் 70 லட்சம் இரவுகள். வெப்பம் 30 டிகிரிக்கு மேல் போன இரவுகளில் ஒருவர் சராசரியாக 14 நிமிடத்துக்கு மேல் தூக்கத்தை இழக்கிறார். வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் வருமானம் குறைந்த நாடுகளில் இருப்பவர்களுக்கும் இழப்பு அதிகம். உடம்பு பழகிக்கொள்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. இதிலும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கைப்பட்டை வாங்கிக் கட்டிக்கொள்ள வசதியுள்ளவர்களின் கணக்கு இது. 300 சதுர அடி வீட்டில் ஒரு ஃபேனுக்குக் கீழே படுத்திருப்பவர்களின் கணக்கை யார் எடுத்தார்கள்?

அரசும் எடுக்கவில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்ல விஷயம். ஆனால் இந்திய வானிலைத் துறையின் விதிப்படி ஓர் இரவை 'வெப்ப இரவு' என்று அறிவிக்க, பகல் வெப்பம் 40 டிகிரியாவது இருக்கவேண்டும். டெல்டாவில் பகல் 38ல் நின்று, இரவு முழுக்கப் புழுங்கித் தள்ளினால் அது கணக்கிலேயே வராது. தூங்காமல் கிடந்தவனுக்குத் தெரியும் அது எப்படிப்பட்ட இரவு என்று. பதிவேட்டுக்குத் தெரியாது.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 2012ல் சென்னைக்கு 2 மணி நேர மின்வெட்டு. மற்ற மாவட்டங்களில் பல ஊர்களில் 12 மணி நேரத்துக்கும் மேல். சென்னைக்காரர் தூக்கம் தூக்கம், திருவாரூர்க்காரர் தூக்கம் என்ன தவிடா? அந்த நிலைமை இப்போது இல்லை. 2016ல் இருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரு சாதாரண ஃபேன் 75 வாட். இரவு 8 மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். இலவசத்துக்குள்ளேயே அடங்கிவிடும். பாராட்ட வேண்டியதைப் பாராட்டலாம். அதே வீட்டில் ஏசி என்றால் இரவுக்கு 6 யூனிட் என்று குறைத்துப் போட்டாலும் இரண்டு மாதத்துக்கு 360 யூனிட். 'ஏசியை 24ல் வையுங்கள்' என்பது அறிவுரையா, விளம்பரமா என்று இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

அடுத்தது ஐப்பசி. வெயில் தணிந்துவிட்டது, இனி தூங்கலாம் என்று ஊர் உலகம் நினைக்கும். டெல்டாவில் குறுவை அறுவடை முடிந்து நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் நேரம் அது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அதே நேரம். நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்கமாட்டார்கள் என்பது விதி. (சில ஆண்டுகளில் மத்திய அரசிடம் கேட்டுக் கெஞ்சித் தளர்வு வாங்குவார்கள். அந்த ஆணை வருவதற்குள் பாதி நெல் முளைத்திருக்கும்.) எடை போட நாள் கணக்கில் காத்திருக்கவேண்டும். நெல்லைக் கொட்டி வைத்திருப்பது பெரும்பாலும் திறந்தவெளியில். மழை எப்போது வரும் என்று வானத்துக்கு மட்டும்தான் தெரியும். அப்புறம் விவசாயி எங்கே தூங்குவார்? நெல் குவியலுக்குப் பக்கத்திலேயே சாக்கை விரித்து, படுதாவின் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. அதற்குப் பெயர் தூக்கம் இல்லை, காவல்.

இந்தத் தூக்கம் எங்கே தொலைந்தது என்று பின்னோக்கிப் போனால் மேட்டூரில் போய் நிற்கும். அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதில் தாமதமானால் நாற்று தாமதம், அறுவடை தாமதம், அறுவடை மழையில் போய் மாட்டும். ஜூனில் வராத தண்ணீர் அக்டோபரில் ஒருவரின் ராத்திரியைத் தின்கிறது. அவரிடம் போய் 'தினமும் ஒரே நேரத்தில் படுங்கள்' என்றால்? தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972ல் தொடங்கப்பட்டது. அரை நூற்றாண்டு தாண்டியும் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு மேல் ஒரு கூரை எல்லா இடத்திலும் இல்லை என்றால், அந்தக் கூரையின் வேலையை ஒரு மனிதன் தூங்காமல் இருந்து செய்கிறான் என்றுதான் அர்த்தம். அந்தக் கூலியை எந்தக் கணக்கில் எழுதுவது?

கார்த்திகை புயல் மாதம். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா கரையைக் கடந்ததும் நள்ளிரவு தாண்டித்தான். அந்த ஒரு ராத்திரியோடு போகவில்லை. திருவாரூர், நாகை, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பல கிராமங்களுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. ஓடு போன வீட்டில், இருட்டில், கொசுக்கடியில், குழந்தைகளை வைத்துக்கொண்டு எத்தனை இரவுகள் போயின என்று நிவாரணப் பட்டியலில் ஒரு பத்திகூடக் கிடையாது. தென்னைக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு என்று இருந்தது. போன தூக்கத்துக்கு யார் விலை போடுவார்?

சரி, மார்கழி. டெல்டாவில் உடம்பு நன்றாகத் தூங்கக்கூடிய ஒரே பருவம் என்றால் மார்கழியும் தையும்தான். பனி, குளிர்ந்த காற்று, ஃபேன்கூட வேண்டாம். அப்போதுதான் விடியற்காலை நாலரைக்குக் குழாய் ரேடியோ பாட ஆரம்பிக்கும். பக்தியைப் பற்றிப் பேச்சே இல்லை. அதிகாலையில் எழுந்து குளித்துக் கோவிலுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் மரியாதைதான் வருகிறது. போகாதவர் காதிலும் கொண்டுவந்து ஊற்றுவதைப் பற்றித்தான் பேச்சு. கோவில் மட்டும் இல்லை, மற்ற வழிபாட்டு இடங்களும், கல்யாண மண்டபமும், கட்சிக் கூட்டமும் இதில் ஒரே அணி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் என்ன சொல்கின்றன? இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவில் ஒலி அளவு 45 டெசிபலைத் தாண்டக்கூடாது. திருவிழாக்களுக்காக மாநில அரசு வருடத்துக்கு 15 நாள் வரை விலக்கு தரலாம், அதுவும் நள்ளிரவு 12 மணி வரைதான். நாலரை மணிக்கு அந்த விதியில் இடமே கிடையாது. 2005ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

அதே உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் இன்னொன்றும் சொன்னது. 2011 ஜூனில் டெல்லி ராம்லீலா மைதானத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை நள்ளிரவில் போலீஸ் விரட்டியடித்த வழக்கு. தூங்குவது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கியது என்று தீர்ப்பில் எழுதப்பட்டது. ஆக, சட்டப்படி தூக்கம் ஓர் உரிமை. நடைமுறையில் அது ஒரு வசதி. பணம் இருப்பவர் ஏசி போட்டு, கண்ணாடி ஜன்னலை மூடிக்கொண்டு, அதை விலைக்கு வாங்கிக்கொள்கிறார். இல்லாதவருக்குப் பத்து வழிகள்!

இவற்றோடு வருடம் முழுக்க நடக்கும் இன்னொரு திருட்டும் உண்டு. 2019ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம், அதுவும் செய்கிற ஆண்கள் மட்டும்! நடவு சீசனில் வயல் வேலையும் சேர்ந்துகொண்டால், வீட்டில் கடைசியாகப் படுத்து முதலில் எழுவது யார் என்று ஆய்வு செய்யத் தேவையில்லை. அம்மாவின் தூக்கத்துக்கு மகன் செய்யக்கூடிய முதல் உதவி இரவு பாத்திரத்தைக் கழுவி வைப்பதுதான்.

இனி, 'பகலில் தூங்காதீர்கள்' என்ற அறிவுரை. இதைத்தான் முதலில் குப்பையில் போடவேண்டும். டெல்டாவில் விடியலில் வயலில் இறங்கி, உச்சிவெயிலில் கரையேறி, மர நிழலில் துண்டை விரித்து அரைமணி நேரம் கண்ணயர்வது காலகாலமாக இருக்கும் வழக்கம். அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்தவர் நிழலில் உட்கார்ந்து வேலை பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும். இதற்கு ஆதாரம் வெளிநாட்டில் தேடவேண்டாம், சென்னையிலேயே இருக்கிறது. குறைந்த வருமானமுள்ள 452 பேருக்குத் தட்டச்சு வேலை கொடுத்து நடத்திய ஆய்வு 2021ல் குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ் இதழில் வெளியானது. அவர்கள் இரவில் 8 மணி நேரம் படுக்கையில் இருந்தார்கள். ஆனால் தூங்கியது சுமார் ஐந்தரை மணி நேரம்தான். வெக்கை, கொசு, சத்தம் என்று விழித்து விழித்துப் படுத்தார்கள். அறிவுரையும் சில பொருள்களும் கொடுத்ததில் இரவுத் தூக்கம் 27 நிமிடம் கூடியது. வேலையில் ஒரு முன்னேற்றமும் தெரியவில்லை. ஆனால் மதியம் அலுவலகத்தில் அமைதியான இடத்தில் அரைமணி நேரம் தூங்க விட்டபோது வேலைத்திறன் கூடியது, கவனம் கூடியது, மனநிலையும் தேறியது. (தூங்கிய அரைமணிக்கு வேலைநேரம் குறைந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். வணிகவியல் படிப்பவர்கள் அதை மறைக்கக்கூடாது.)

படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பருவத்தேர்வுகள் நடப்பது ஏப்ரல் - மே மாதத்திலும் நவம்பரிலும். அதாவது டெல்டா மிகக் குறைவாகத் தூங்கும் இரண்டு பருவங்களிலும். அது மாணவர் கையில் இல்லை. இரவு ஒரு மணி வரை செல்போனில் ரீல்ஸ் தள்ளுவது மாணவர் கையில்தான் இருக்கிறது. பத்து வழிகளில் உண்மையான வழி ஒன்று இருக்கிறதென்றால் அது செல்போனைத் தள்ளி வைப்பது. அதற்கு மேட்டூரையும் கூரையையும் காரணம் காட்ட முடியாது!

கையில் இருப்பதைச் செய்துகொள்ளலாம். பங்குனியிலேயே தளத்துக்குச் சுண்ணாம்பு. சாயங்காலம் வெயில் இறங்கியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைப்பது, தண்ணீர் இருந்தால் தளத்தில் தெளிப்பது. கோடைக்கு ஃபோம் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கோரைப்பாய். படுக்கும் முன் குளியல், இல்லாவிட்டால் கை கால் கழுவி ஈரத்தோடு ஃபேனுக்குக் கீழே. கொசுவத்திக்குப் பதில் கொசுவலை. (ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003லேயே ஆய்வு வந்திருக்கிறது.) மதியம் மூன்று மணிக்கு முன் அரைமணித் தூக்கம், வெட்கப்படாமல். எழும் நேரத்தை மட்டும் முடிந்தவரை மாற்றாமல் இருப்பது.

ஆனால் இத்தனையும் செய்தபிறகும் அனல் கக்கும் தளம் அப்படியே இருக்கும், திறந்தவெளியில் நெல் அப்படியே கிடக்கும். அவற்றுக்குப் பாயை மாற்றினால் போதாது. கிராம சபை மே 1ஆம் தேதி கூடுகிறது, கத்திரி வெயில் தொடங்குவதற்குச் சரியாக முன்னால். அக்டோபர் 2ஆம் தேதி கூடுகிறது, ஐப்பசி மழைக்குச் சரியாக முன்னால். தெருவிளக்கும் சாக்கடையும் பேசப்படும் அந்த இடத்தில் மே மாதம் அரசு வீடுகளின் தளத்துக்கு வெள்ளைப் பூச்சு, அக்டோபரில் கொள்முதல் நிலையத்துக்குக் கூரை என்று ஒரு தீர்மானம் கேட்கலாம். சிரிப்பார்கள். "தூக்கத்துக்கெல்லாமா தீர்மானம்?" என்பார்கள்.

நன்றாகத் தூங்கி எழுந்து வந்தவர்கள்தான் அப்படிச் சிரிப்பார்கள்.